பதினான்காம் விதியும் கமக்குராப் புத்தரும்

பலெர்மோ தமிழ்ப் பண்பாட்டுப் பேரவைக்கு உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர். அதன் யாப்பில், அதாவது சட்டநூலில், விதிகள் அறுபத்திரண்டு. தலைக்கு ஒன்றரை விதி வீதம் வரும். அத்தனையையும் தன் கைப்பட எழுதியவர் செயலாளர் ஜெயரட்ணம்.

அந்த இத்தாலிய நகரத்தின் வசதியான பகுதியில் ஓர் ஐந்து மாடிக் கட்டடத்துக்கு அவர் வாயிற்காவலர். வருகிற கடிதங்களைப் பிரித்து வைப்பதும், லிப்ட் இடையில் நின்றால் ஆள் கூப்பிடுவதும் போக, நாள் முழுக்க அவருக்கு ஒரு மேசையும் ஒரு கதிரையும் அமைதியும் இருந்தன. ஒரு மனிதனுக்கு இந்த மூன்றும் சேர்ந்து கிடைத்துவிட்டால் அவன் விதிகள் எழுதத் தொடங்கிவிடுகிறான்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசைதான்: பேரவையின் தலைவராக வேண்டும். செயலாளர் பதவியில் பதினொரு வருடம் ஆயிற்று. விழா மேடையில் நடுக்கதிரை தலைவருக்கு, முதல் விளக்கு தலைவருக்கு, பொன்னாடையும் தலைவருக்கு. அந்தப் பொன்னாடையை மடிப்புக் கலையாமல் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பது செயலாளர். பதினொரு வருடமாக அவர் ஏந்திக்கொண்டு நின்றார். இந்த வருடம் தலைவர் பெனடிக்ற் மாஸ்ரர், முழங்கால் இயலாமல் போனதால், தலைமையை விடப் போவதாக அறிவித்தார்.

போட்டிக்கு நின்ற மற்றவர் பீலிக்ஸ். மன்னார்க்காரர். மொண்டெல்லோவில் கடற்கரை உணவகம் ஒன்றில் சமையல். மேடையில் ஏறினால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் யாருக்காவது பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போக வேண்டுமென்றால், விடியவே வந்து வரிசையில் கூட நிற்பார். இப்படிப்பட்டவர்கள் தேர்தலில் ஆபத்தானவர்கள் என்பது ஜெயரட்ணத்துக்குத் தெரியும்.

அதனால்தான் போன வருடமே பதினான்காம் விதியைச் சேர்த்துவைத்தார். ‘தலைமைப் பதவிக்குப் போட்டியிடுபவரோ, அவர்தம் குடும்பத்தினரோ, தமிழர் பண்பாட்டுக்குப் புறம்பாக ஒழுகியமைக்கு நிழற்படச் சான்று இருப்பின், அன்னார் பொதுச்சபை முன்னிலையில் விளக்கமும் வருத்தமும் தெரிவித்தல் வேண்டும், தவறின் போட்டியிடும் தகுதியை இழப்பார்.’ பீலிக்ஸின் மகள் றம்யா ஒரு சிசிலிப் பெடியனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போகும் படம் அப்போது எல்லாருடைய போனிலும் இருந்தது. ‘நிழற்படச் சான்று’ என்ற சொல்லைத் தேடி எடுக்க ஜெயரட்ணத்துக்கு இரண்டு நாள் பிடித்தது.

ஏப்ரலில் இன்னொரு நிழற்படம் வந்தது. அதில் இருந்தவர் யோகாம்பாள். ஜெயரட்ணத்தின் மனைவி.

யோகாம்பாள் எட்டு வருடமாக சிஞ்ஞோரா ஒத்தாவியா என்ற இத்தாலிய அம்மையாரைப் பராமரித்து வருகிறார். சிஞ்ஞோராவுக்கு எண்பத்தொரு வயது, சக்கர நாற்காலி. அவர் பெப்ரவரி மாதத்திலிருந்து பௌத்தர். அதற்கு முன் ஒரு வருடம் மூலிகை வைத்தியம், அதற்கு முன் நட்சத்திர பலன். வியாழக்கிழமை பின்னேரங்களில் நாலு சிநேகிதிகள் வீட்டுக்கு வந்து ஊதுபத்தி கொளுத்திக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்கள். பிறகு பாதாம் பிஸ்கற் சாப்பிட்டபடி ஆசையைத் துறப்பது பற்றிப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்தில் உண்மையில் எதையாவது துறந்தவர் யோகாம்பாள் ஒருவர்தான். அவருடைய வியாழன் பின்னேர லீவு அதோடு போயிற்று.

சிஞ்ஞோரா அவரை ‘யோகா’ என்றுதான் கூப்பிடுவார். இலங்கையில் பிறந்த எல்லாரும் பௌத்தர்கள் என்பது சிஞ்ஞோராவின் முடிவு. தாங்கள் சைவம் என்று யோகாம்பாள் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். சிஞ்ஞோரா அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

“நீ அந்த நாட்டவள், உனக்குத்தான் தெரியும். மனம் எண்டால் என்ன, யோகா?”

“மருந்துக்கு நேரமாயிட்டுது, சிஞ்ஞோரா.”

சிநேகிதிகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மார்ச்சில் சிஞ்ஞோரா ஜப்பானுக்குப் போக வேண்டும் என்றார். கமக்குரா என்ற ஊரில் எண்ணூறு வருடம் பழைய ஒரு கோயில், அதன் முற்றத்தில் மிகப் பெரிய வெண்கலப் புத்தர். கண்ணை மூடினால் அவர்தான் வருகிறாராம். மகன் மிலானோவில் வேலையாக இருந்தார். நாற்காலியைத் தள்ள யோகாம்பாள் போனார்.

அங்கே சிஞ்ஞோரா எடுத்து பேஸ்புக்கில் போட்ட படம்தான் இது. நீல வானம். அதில் பாதியை மறைத்துக்கொண்டு, கொஞ்சம் முன்னுக்குக் குனிந்தபடி, பச்சை படர்ந்த வெண்கலப் புத்தர். கீழே, அவருடைய முழங்காலின் உயரம் கூட இல்லாமல், மண்ணிற ஸ்வெற்றர் போட்ட யோகாம்பாள். கண் மூடியிருந்தது. கை கூப்பியிருந்தது. படத்துக்குக் கீழே சிஞ்ஞோரா எழுதியிருந்தார்: ‘என் யோகா. பிறப்பிலிருந்தே பௌத்தர்.’

அந்தச் சிநேகிதிகளில் ஒருவர் வீட்டில் துப்புரவு வேலை செய்யும் இராசேஸ்வரி படத்தைக் கண்டு, பேரவையின் வட்ஸ்அப்பில் போட்டார். ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒரேயொரு கேள்விக்குறி.

வேறு இடத்து ஆட்களென்றால் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். ஆனால் ஊரில் புதிதாகப் புத்தர் சிலை வந்த சந்திகளுக்கு, சிலைக்கு முன்பே இராணுவம் வந்திருந்தது. அதனால் அந்தக் கேள்விக்குறிக்குக் கீழே மூன்று நாள் யாரும் ஒன்றும் எழுதவில்லை. நாலாம் நாள் பெனடிக்ற் மாஸ்ரர் எழுதினார்: ‘விதி பதினான்கு.’

சீசா என்ற பகுதியில் அவர்களுடைய வீடு, மூன்றாம் மாடியில். ஜெயரட்ணம் போனை மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். யோகாம்பாள் ஜப்பானிலிருந்து வந்து பதினேழு நாள். இந்தப் பதினேழு நாளில் ஜெயரட்ணம் ஜப்பான் பற்றிக் கேட்டது ஒரே கேள்வி: கமிற்றிக்காரருக்குக் கொடுக்க இனிப்புப் பெட்டி ஏதும் கொண்டுவந்தீரோ என்று.

“இஞ்சேரும், ஏன் கும்பிட்டனீர்?”

“கும்பிட வந்தது. கும்பிட்டன்.”

“உப்பிடிச் சொல்லேலாது. சிஞ்ஞோரா சொல்லித்தான் கையைக் கூப்பினது எண்டு சொல்லும். படத்துக்கு நிண்டது எண்டு. வேலையிடத்துக் கட்டாயம் எண்டால் ஒருத்தரும் வாய் திறக்கேலாது.”

“அவ சொல்லேல்லையே. படம் எடுத்ததே எனக்குத் தெரியாது.”

“உண்மையை ஆரப்பா கேட்டது? நான் விளக்கத்தைக் கேக்கிறன்.”

யோகாம்பாள் உளுந்தைக் கழுவி நீரை வடித்தார். “விளக்கத்தை நீங்கள் எழுதுங்கோ. உங்களுக்கு அது வரும். ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி முறை எங்கட. நான் வடை சுட்டுக்கொண்டு வாறன்.”

அவர் எழுதினார். ஐந்து மாடிக்கும் கடிதம் பிரிக்காமல் மூன்று நாள் எழுதினார். நாலு பக்கம் வந்தது.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, தேவாலயத்திலிருந்து இரவலாக எடுத்த கதிரைகளில் முப்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொங்கல் விழாவுக்குக்கூட இவ்வளவு பேர் நேரத்துக்கு வந்ததில்லை. பெனடிக்ற் மாஸ்ரர் பக்கத்துக் கதிரையில் இருந்து, தலைமைக் கதிரையில் காலை நீட்டி வைத்தபடி தலைமை தாங்கினார். நிகழ்ச்சி நிரல் இரண்டு: முதலில் விளக்கம், பிறகு தேர்தல். யோகாம்பாள் பின்னால் மேசையில் காகிதக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஜெயரட்ணம் நீலக் கோட்டுப் போட்டு வந்திருந்தார். தொண்டையைச் செருமினார்.

“பேரன்பும் பெருமதிப்பும் மிக்க பேரவைப் பெருமக்களே. கீழைத்தேயம் ஒன்றில், மொழியறியா மண்ணில், முதலாளியம்மையாரின் மனம் நோகாதிருக்கும் பொருட்டு, அறியாமையின் பாற்பட்டு என் துணைவியார் ஆற்றிய கைகுவிப்பானது வழிபாடு ஆகாது. அஃதொரு தோற்றப்பிழையே ஆகும்.”

“ஆரின்ர தோற்றத்தில பிழை, அண்ணை?” என்றார் இராசேஸ்வரி. “படத்தில கை கூப்பித்தானே கிடக்கு. என்ர போன் பழசுதான். ஆனால் இல்லாத கையைக் காட்டாது.”

“தங்கச்சி, குறுக்கே பேச விதி இல்லை.”

“விதி இருக்கு அண்ணை. இருபத்திரண்டு. ஒருதரம் கேக்கலாம்.”

ஜெயரட்ணம் இரண்டாம் பக்கத்துக்குப் போனார். அதில் சைவ சமயத்தின் தொன்மை இருந்தது. மூன்றாம் பக்கத்தில் தொடங்கும்போது பின்வரிசையில் பீலிக்ஸ் கையைத் தூக்கினார்.

“அண்ணை, எனக்கொரு சந்தேகம். நீங்கள் போன மாதம் வெறுங்காலோடை பெல்லெகிரினோ மலை ஏறி சந்தா றொசாலியாவுக்கு மெழுகுதிரி வைச்சனீங்கள். நான்தான் உங்கட சப்பாத்தைக் காவிக்கொண்டு வந்தனான். அந்த மனிசியும் சைவமோ?”

“றொசாலியா வேறை. அவ இந்த ஊர்க் காவல் தெய்வம். குறை கேக்கிறவ.”

“நான் பிழை சொல்லேல்லை. எங்கட சனம் நல்லது எண்டு கண்டால் கும்பிடும். அதைத்தான் சொன்னன்.”

“உது வேறை பீலிக்ஸ்,” என்றார் இராசேஸ்வரி. இப்போது அவருடைய குரலில் விளையாட்டு இல்லை. “றொசாலியாவைக் கொண்டுவந்து ஒருத்தரும் எங்கட காணிக்குள்ளை வைக்கேல்லை.”

ஜெயரட்ணம் அவசரமாகப் படித்தார். “எனவே, அறியாமை என்னும் இருளில், அறியாமல் நிகழ்ந்த இவ்வறியாமைச் செயலுக்கு…”

“அறியாமை இல்லை.”

யோகாம்பாள் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் திரும்பினார்கள். அவர் கையில் தேநீர்ப் போத்தல் இருந்தது.

“என்ன பிள்ளை?” என்றார் பெனடிக்ற் மாஸ்ரர்.

“அந்தச் சொல்லை வெட்டச் சொல்லுங்கோ, மாஸ்ரர். நான் தெரிஞ்சுதான் கும்பிட்டனான்.”

ஜெயரட்ணம் பக்கத்தைப் பிடித்தபடி நின்றார். தலைமைக் கதிரை அவருக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. அதில் இப்போது மாஸ்ரரின் கால் இருந்தது.

“அப்ப நீங்களே சொல்லுங்கோ,” என்றார் மாஸ்ரர். “இருந்து சொல்லுங்கோ.”

“நிண்டு சொல்லுறன். நான் இருக்கிறது குறைவு.” யோகாம்பாள் போத்தலை மேசையில் வைத்தார். “தோக்கியோவிலயிருந்து றெயின். பிறகு ஒரு சின்ன றெயின், வீடுகளுக்குப் பின்னால துணி காயுறதைத் தட்டுற மாதிரிப் போகும். இறங்கி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனன். வாசல்ல முன்னூறு யென். ஆர் நீ, எவடம், என்ன சமயம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. முன்னூறு யென்தான் கேட்டவை.”

“எவ்வளவு உயரம் அக்கா?” என்று யாரோ கேட்டார்கள்.

“பீடத்தோடை எங்கட நாலு மாடி வரும். உள்ளுக்கையும் போகலாம். அதுக்கு அம்பது யென்.”

“புத்தருக்கு உள்ளையோ?”

“ஓம். சிஞ்ஞோராவால படி ஏறேலாது. நீ போய்ப் பாத்து வந்து சொல்லு எண்டா. போனன். ஒடுங்கின படி. உள்ளுக்கை இருட்டு. வெண்கலம் வெய்யில் குடிச்சு, கவிழ்த்த பெரிய சமையல் கிடாரத்துக்குள்ளை நிண்ட மாதிரி இருந்தது. துண்டு துண்டாய் வார்த்துப் பொருத்தினது, பொருத்தெல்லாம் தெரியுது. வெளிய வந்தன். ‘என்ன இருந்தது யோகா?’ எண்டா. ‘வெறுமை, சிஞ்ஞோரா’ எண்டன். மனிசி அழத் தொடங்கிட்டா. ஞானம் கிடைச்ச மாதிரி. இப்ப வியாழக்கிழமை வியாழக்கிழமை உதுதான் கதை. நான் உள்ளுக்கை ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னனான்.”

முன்வரிசையில் தொடங்கிய சிரிப்பு பின்வரிசை வரை போயிற்று. பெனடிக்ற் மாஸ்ரரின் கால் கதிரையில் குலுங்கியது. இராசேஸ்வரியும் சிரித்தார், ஆனால் முதலில் நிறுத்தியவரும் அவர்தான்.

“சரி அக்கா. பாத்தியள், வந்தியள். ஏன் கும்பிட்டனீங்கள்? எங்கட சந்தியை மறந்துபோச்சோ?”

“மறக்கேல்லை, இராசேஸ். எங்கட சந்தியில வைச்சவருக்குப் பின்னால ஒரு ஆமிச் சென்றி இருந்தது. இவருக்குப் பின்னால ரெண்டு ஜன்னல்தான் இருந்தது, முதுகில. உள்ளுக்கு வெளிச்சம் போக.”

இராசேஸ்வரி போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“அங்கை ஒரு தாள் தந்தவை. சிஞ்ஞோரா வாசிச்சுச் சொன்னா. முந்தி அவருக்கு மேல பெரிய மண்டபம் இருந்ததாம். ஐந்நூறு வருசத்துக்கு முன்னம் கடல் எழும்பி வந்து அதை அள்ளிக்கொண்டு போட்டுதாம். பிறகு ஒருத்தரும் கட்டேல்லை. அண்டையிலயிருந்து வெளியிலதான் இருக்கிறார். மழைக்கும் வெய்யிலுக்கும்.”

அவர் காகிதக் கோப்பை ஒன்றை எடுத்து, பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார்.

“மருதங்கேணியில எங்கட அக்கான்ர வீட்டையும் கடல் அப்பிடித்தான் கொண்டுபோனது. அத்திவாரம் மட்டும் மிச்சம் எண்டு படம் அனுப்பினவை. அக்கா வீட்டுக்குள்ளை. அப்ப நாங்கள் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குடுத்திட்டு இருந்த நேரம். வெளிக்கிட்டால் திரும்பி வரேலாது. செத்த வீட்டுக்கும் போகேல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் போகேல்லை. இஞ்சை ஒரு வீட்டில நிலம் துடைச்சுக்கொண்டு இருந்தன். நாற்காலிக்கு பிரேக் போட்டிட்டு நிமிர்ந்து பாத்தன். வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகும் ஒருத்தர் இருக்கிறார். கும்பிட்டன். அவர் புத்தர் எண்டது எனக்குத் தெரியும்.”

அவ்வளவுதான். யோகாம்பாள் போத்தலின் மூடியைத் திருகித் தேநீரை ஊற்றத் தொடங்கினார்.

சுனாமி வந்த அந்த டிசம்பரில் ‘இப்ப போய் என்ன செய்யப்போறீர், பேப்பர் போயிடும்’ என்று சொன்னவர் ஜெயரட்ணம். சொன்னது சரி. பேப்பர் போயிருக்கும். அதற்குப் பிறகு இருபது வருடத்தில் அந்த விசயத்தை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அவர் அதை முடிந்த விசயம் என்று நினைத்திருந்தார். கையில் மூன்றாம் பக்கம் இருந்தது. ஒரே வசனத்தில் அறியாமை மூன்று இடத்தில் இருந்தது.

“செயலாளர்,” என்றார் பெனடிக்ற் மாஸ்ரர் மெல்ல. “விளக்கம் வந்திட்டுது. வருத்தம்தான் மிச்சம். கடைசிப் பக்கத்தை வாசிச்சுவிடுங்கோ. தேர்தலை வைச்சிட்டுப் போவம்.”

“கடைசிப் பக்கம் இல்லை, மாஸ்ரர்.”

“கையில கிடக்குதே.”

“கிடக்குது. வாசிக்கமாட்டன்.”

“ஒரு வரிதானே அண்ணை,” என்றார் பீலிக்ஸ். “வாசியுங்கோ. எனக்கு உங்களோடை போட்டி போட்டுத் தோக்கத்தான் விருப்பம்.”

“வருத்தம் இல்லை பீலிக்ஸ். இல்லாததை எப்பிடி வாசிக்கிறது?”

பதினொரு வருடத்தில் அவர் எழுதியும் வாசித்தும் வந்தவற்றை நினைத்தால், இந்தத் தடை அவருக்குப் புதிதுதான்.

பீலிக்ஸ் எழும்பினார். “அப்ப உந்தப் பதினாலாம் விதியைத் தூக்குவம். என்ர பிள்ளை மோட்டார் சைக்கிளில போனதுக்கு நான் வந்து இதில நிண்டு வாசிக்க வேண்டி வரும் எண்டுதானே பயந்துகொண்டிருந்தன்.” அந்தப் படத்தைச் சபையில் முன்வைத்திருக்க வேண்டியவர் ஜெயரட்ணம்; அவர் நிலத்தைப் பார்த்தார். முப்பது கைகள் உடனே உயர்ந்தன. பெனடிக்ற் மாஸ்ரர் யாப்பைப் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

“ஏலாது. விதி ஐம்பத்தெட்டு. திருத்தம் எண்டால் இருபத்தொரு நாளைக்கு முன்னம் எழுத்தில அறிவித்தல் குடுக்கோணும்.”

“உதை ஆர் எழுதினது?” என்று பின்னால் யாரோ கேட்டார்கள். யாரும் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அப்படியாக ஜெயரட்ணம் தகுதியிழந்தார். பீலிக்ஸ் போட்டியின்றித் தெரிவானார். தேர்தலுக்கு ஒதுக்கிய ஒரு மணித்தியாலத்தில் ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. புதிய தலைவர் ஏற்புரையாக, “எனக்குக் கதைக்க வராது, தேத்தண்ணி ஆறுது,” என்றார். பொன்னாடையைச் செயலாளர் ஏந்திக்கொண்டு வந்தார். நீலக் கோட்டுக்குப் பொருந்தும் என்று அவரே கடை கடையாகத் தேடி எடுத்த மரூன் நிறம். பீலிக்ஸின் கட்டம் போட்ட சேட்டுக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை. தோள் இரண்டிலும் மடிப்பை நேராக்கி, ஒரு அடி பின்னால் நின்று பார்த்து, இடது பக்கத்தை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டார்.

“அண்ணை, எழுதுறதெல்லாம் நீங்கள்தான்,” என்றார் பீலிக்ஸ் காதுக்குள். “என்னை விட்டிட்டுப் போயிடாதேங்கோ.”

வடை முடிந்து சனம் கலைந்தபோது ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. இரண்டு பேர் கதிரைகளை ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினார்கள். ஜெயரட்ணம் கூட்ட அறிக்கைப் புத்தகத்தைத் திறந்துகொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார். யோகாம்பாள் மேசையைத் துடைத்தார்.

“உந்தக் கோயிலுக்கு என்ன பேர்?”

“கோத்தொக்குயின்.”

“இன்னொருக்கால் சொல்லும்.”

அவர் திரும்பச் சொன்னார். ஜெயரட்ணம் எழுதினார்.

“படி எத்தினை இருக்கும்? உள்ளுக்கை ஏற.”

“எண்ணேல்லை. ஏன், அதையும் எழுதப்போறியளோ?”

“இல்லை. சும்மா கேட்டன்.” பேனையை மூடித் திறந்தார். “வெக்கையாய் இருந்ததோ?”

“இருந்தது. ஆனால் கையை வைச்சுக்கொண்டு நிக்கலாம். நான் கொஞ்ச நேரம் வைச்சுக்கொண்டு நிண்டன். வெளியில சிஞ்ஞோரா காத்துக்கொண்டிருக்கிறா எண்டதும் மறந்துபோச்சு.”

அவர் தலையை ஆட்டினார்.

“அக்கான்ர பேரைப் போடட்டோ?”

யோகாம்பாள் துணியைப் பிழிந்து கதவின் கைபிடியில் காயப்போட்டார். “போடுங்கோ,” என்றார்.

ஜெயரட்ணம் எழுதினார்: ‘யோகாம்பாள் தன் தமக்கை இராசாத்தியை நினைத்துக் கமக்குராவில் கும்பிட்டார். சபை கேட்டது.’ எழுதியதைத் திரும்ப வாசித்தார். பழக்கத்தில், ஏதாவது ஒரு அடைமொழி சேர்க்க இடமிருக்கிறதா என்று தேடினார். பேனை முனை ஒவ்வொரு சொல்லுக்கு மேலேயும் நின்று நின்று போய், முற்றுப்புள்ளிக்கு வந்தது. அவர் புத்தகத்தை மூடினார்.